மன்னிக்கும் முன் எங்களையும் கேளுங்கள்

இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேலாக வடக்கில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, மரணச் சான்றிதழ் என்று எத்தனையோ கடதாசிகள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அவற்றில் இரண்டு வகை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்று, சிறையில் இருக்கும் மகனை மன்னித்து விடச்சொல்லித் தாய் ஜனாதிபதிக்கு எழுதும் கருணை மனு. மற்றது, கொலையுண்டவரின் வீட்டார் "அவனை விட்டுவிடாதீர்கள்" என்று எழுதும் கடிதம். இரண்டையும் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன், சில வேளை ஒரே கிழமையில். பதில் வந்தது என்று சொல்லிக்கொண்டு இரு பக்கத்திலிருந்தும் எவரும் திரும்பி வந்ததில்லை.

ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொப்பிங் பை ஒன்றுக்குள் பதிவுத்தபால் பற்றுச்சீட்டுகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தார். பதினொரு வருடத்துச் சீட்டுகள். பழையவற்றில் மை வெளிறித் திகதி தெரியவில்லை. ஒவ்வொரு சீட்டோடும் அந்தமுறை அனுப்பிய மனுவின் பிரதியைக் குண்டூசியால் குத்தியிருந்தார், ஊசி துருப்பிடித்துக் கடதாசியில் கறை இறங்கியிருந்தது. புதிதாக ஒன்று எழுத வந்தவர் பழையவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பிவிட்டுக் கேட்டார்: "ஐயா, இதில எந்த வசனம் பிழைச்சுப் போச்செண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. அதை மாத்தி எழுதுவம்."

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வசனம் எதுவும் பிழைக்கவில்லை. யாருக்கு மன்னிப்பு, யாருக்கு இல்லை என்பதற்கு நாட்டில் அளவுகோல் என்று ஒன்று இருந்தால்தானே எந்த இடத்தில் தவறினோம் என்று அவருக்குக் காட்டலாம்? அன்று நான் சொல்லத் தெரியாமல் விட்ட பதிலைத்தான் இன்று உங்களிடம் கேட்கிறேன்.

1978 அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். குடியரசின் எந்த நீதிமன்றம் எந்தக் குற்றத்துக்குத் தண்டித்தவரையும் ஜனாதிபதி மன்னிக்கலாம், தண்டனையைத் தள்ளிவைக்கலாம், குறைந்த தண்டனையாக மாற்றலாம், முழுதாகவோ பகுதியாகவோ நீக்கலாம். தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் விதிக்கப்பட்ட தகுதியீனத்தைக்கூட அதே உறுப்புரையின் கீழ் நீக்கலாம். நிபந்தனை என்று இருப்பது ஒன்றே ஒன்று. மரண தண்டனை பெற்றவர் என்றால் விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை கேட்க வேண்டும், அது சட்டமா அதிபரின் ஆலோசனையோடு நீதி அமைச்சரிடம் போய், அவருடைய சிபாரிசோடு ஜனாதிபதிக்குத் திரும்ப வேண்டும். அறிக்கையும் ஆலோசனையும் என்ன சொன்னாலும் அதன்படி நடக்க வேண்டும் என்று இல்லை. ஏன் நடக்கவில்லை என்று எழுத வேண்டும் என்றும் இல்லை. மரண தண்டனை அல்லாத வேறெந்தத் தண்டனைக்கும் இந்த ஒரு நிபந்தனையும் கிடையாது.

செத்தவருடைய குடும்பம் என்ற சொல் அந்த உறுப்புரையில் எங்கும் வரவில்லை.

தமிழில் நாங்கள் இதைப் "பொதுமன்னிப்பு" என்கிறோம். ஒரே ஒருவரை விட்டாலும் ஜனாதிபதி பொதுமன்னிப்பு என்றுதான் பத்திரிகைகள் எழுதுகின்றன. மொழிபெயர்ப்பவனுக்கு இந்தச் சொல் எப்போதும் உறுத்தும். பொதுவில் கேட்கவில்லை, பொதுவில் காரணம் சொல்லவில்லை, பொதுமக்கள் செய்தியில் பார்த்துத்தான் அறிகிறார்கள். இதில் எது பொது?

2000 டிசம்பர் 19. உடுப்பிட்டியில் இடம்பெயர்ந்திருந்தவர்கள் மிருசுவிலில் தங்கள் வீடு வளவைப் பார்த்து, விறகும் எடுத்துவரப் போனார்கள். எட்டுப் பேர் திரும்பவில்லை. அதில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று. பதின்ம வயதினர் மூவர். தப்பி வந்த ஒருவர் சொன்னதால்தான் உடல்கள் வெளியே வந்தன. கொழும்பில் மூன்று நீதிபதிகள் ஜூரி இல்லாமல் விசாரிக்கும் ட்ரயல் அட் பார் தீர்ப்பாயத்தின் முன் நடந்த வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஐவரில் நால்வர் விடுவிக்கப்பட்டு, சுனில் ரத்நாயக்க என்ற ஒருவருக்கு மட்டும் 2015 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட ஆயம் அதை உறுதிசெய்தது. பதினெட்டு வருடத்துக்கு மேல், அந்தச் சாட்சிகள் ஏறி இறங்கிய படிகளை எண்ணிப் பாருங்கள். எங்கள் சனம் பட்ட எண்ணற்ற கொலைகளில் கடைசிப் படி வரை போய் நின்ற வழக்குகள் மிகச் சில. அதில் இது ஒன்று.

பதினொரு மாதம் கழிந்தது. 2020 மார்ச் 26, கொரோனா ஊரடங்கு. வாசலைத் தாண்ட எவருக்கும் அனுமதி இல்லாத நாட்களில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து விடுவித்தார். கூடி நின்று ஒரு பதாகை பிடிக்கக்கூட அந்தக் குடும்பங்களால் முடியாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கும் கடமை சட்டப்படி எவருக்கும் இருக்கவில்லை.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்தது என்று எழுத நான் வரவில்லை. 2011 ஒக்டோபர் 8, தேர்தல் நாளன்று அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு மரண தண்டனை பெற்று, 2018 இல் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்த முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவை 2021 ஜூன் 24, பொசன் தினத்தில் அதே ஜனாதிபதி மன்னித்தார். அடுத்த மாதமே தேசிய வீடமைப்பு அதிகார சபையின் தலைவர் பதவியையும் கொடுத்தார். 2005 இல் றோயல் பார்க் தொடர்மாடியில் இளம்பெண் ஒருவரைக் கொன்றவரை, 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், பதவியை விட்டுப் போய்க்கொண்டிருந்த மைத்திரிபால சிறிசேன மன்னித்தார். ஒரு குடும்பம் தமிழ், ஒன்று சிங்களம், இன்னொன்று கொழும்பில் வசதியாக வாழ்ந்தது. மூன்று வீட்டாரையும் ஒரே உறுப்புரைதான் வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஜனாதிபதியின் செயலை எதிர்த்து, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுப் போடும் வழியை 2015 இல் 19 ஆம் திருத்தம் திறந்துவிட்டது. 20 ஆம் திருத்தச் சட்டமூலம் அதை மூடப் பார்த்தபோது, மக்கள் தீர்ப்பு (சர்வஜன வாக்கெடுப்பு) இல்லாமல் முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் அந்த வழி தப்பியது. அந்த வழியாகத்தான் 2024 ஜனவரி 17 அன்று துமிந்த சில்வாவின் மன்னிப்பும், அதே ஆண்டு ஜூன் 6 அன்று றோயல் பார்க் மன்னிப்பும் ரத்தாகின. துமிந்த சில்வா தீர்ப்பில் நீதியரசர்கள் சுட்டிக்காட்டிய ஒரு விடயத்தை நீங்கள் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். அந்த முடிவுக்கு முன்னாள் ஜனாதிபதி எழுத்தில் ஒரு காரணமும் வைத்ததாகத் தெரியவில்லை. ஒரு கிராம சேவையாளர் வதிவிடச் சான்றிதழ் தர மறுத்தால்கூட ஏன் என்று எழுதித் தரக் கேட்கலாம். நீதிமன்றத் தீர்ப்புகளை ஒரு கையொப்பம் தள்ளி வைத்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் ஒரு வரி இல்லை.

தீர்ப்புகள் வந்துவிட்டனவே, இனி என்ன என்று கேட்பீர்கள். றோயல் பார்க் வழக்கில் மன்னிக்கப்பட்டவர் தீர்ப்பு வருவதற்கு எவ்வளவோ முன்பே நாட்டை விட்டுப் போய்விட்டார், அவரைத் திருப்பிக் கொண்டுவர நடவடிக்கை எடுக்கும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. துமிந்த சில்வாவின் மன்னிப்பை ரத்துச் செய்ய இரண்டரை வருடம் ஆனது. அதுவும், முன்பு பாராளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேமச்சந்திரவின் மகள் தந்தைக்காக விடாமல் நின்றதால். மிருசுவில் குடும்பங்களில் எவரும் பாராளுமன்றத்தில் இருந்ததில்லை. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதக் கெடு. ஊரடங்குக்குள் ஒரு மாதத்தில் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து சட்டத்தரணி பிடிக்கச் சொல்கிறது சட்டம். கதவு இருக்கிறதுதான், ஆனால் அதைத் தட்டுவதற்குக் கொழும்பும் காசும் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது, வழங்கிய பிறகு நீதிமன்றத்தில் போராடும் வழியோடு நிற்காமல், வழங்குவதற்கு முன்னால் ஒரு தடையை அரசியலமைப்பிலேயே எழுதுங்கள் என்பதுதான்.

முதலாவதும் முக்கியமானதும், பாதிக்கப்பட்டவரைக் கேட்பது. கொலை, பாலியல் வல்லுறவு, சித்திரவதை போன்ற குற்றங்களில் மன்னிப்புப் பரிசீலனை தொடங்கினாலே பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ அவர்களுடைய மொழியில் அறிவித்தல் போக வேண்டும். அவர்கள் எழுத்திலோ நேரிலோ சொல்வது கோவையில் ஏற வேண்டும். தென் ஆபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2010 இல் இதையே சொன்னது: அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றங்களுக்கு மன்னிப்புக் கொடுக்குமுன் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டும் என்று. விடுதலைப் போராட்டத்தில் பட்ட காயம் ஆறாத நாடு அது. அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியாது?

"கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், பிறகு மன்னிப்பு என்றே ஒன்று இருக்காது" என்று சிலர் சொல்வார்கள். இந்த நாட்டிலேயே அதற்குப் பதில் உண்டு. 1999 டிசம்பரில் நடந்த கொலை முயற்சியில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் சந்திரிகா குமாரதுங்க. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் உட்பட எட்டுத் தமிழ்க் கைதிகளுக்கு 2022 ஒக்டோபரில் மன்னிப்பு வழங்கியபோது, முதலில் அவருடைய சம்மதம் பெறப்பட்டது. அவர் சம்மதித்தார். நான் அதை மதிக்கிறேன், மனதார. ஆனால் அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்கு ஓடிய எண்ணம் ஒன்றுதான். முன்னாள் ஜனாதிபதியிடம் கேட்கத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது, கேட்பது நடக்கக்கூடிய காரியம். மிருசுவிலில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் மட்டும் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

கேட்டால் பாதிக்கப்பட்டவர்கள் என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டியே முடிவெடுக்காதீர்கள். என்னிடம் கடிதம் எழுத வந்த ஒரு பெண், தம்பியைக் கொன்றவனைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் நிறுத்தி, "அவன்ர பிள்ளையள் என்ன செய்யுதுகள் எண்டு ஆருக்கும் தெரியுமோ?" என்று கேட்டார். அந்த வரியையும் எழுதச் சொன்னார். எழுதினேன். அதை யாரும் வாசித்திருந்தால் ஒரு மனிதரை மன்னிப்பது எவ்வளவு பாரமான வேலை என்று புரிந்திருக்கும்.

இரண்டாவது, காரணம். ஒவ்வொரு மன்னிப்புக்கும் காரணத்தை ஜனாதிபதி எழுத்தில் வைக்க வேண்டும். பெயர், குற்றம், தண்டனை, கிடைத்த ஆலோசனை, அதை ஏற்காவிட்டால் ஏன் என்பது வரை மும்மொழியிலும் வர்த்தமானியில் வந்து, பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. 1974 செப்டெம்பரில் தனக்கு முன் பதவியிலிருந்த நிக்சனை மன்னித்த அமெரிக்க ஜனாதிபதி ஃபோர்ட், அடுத்த மாதம் காங்கிரஸின் துணைக்குழு முன் தானே போய் அமர்ந்து ஏன் என்று பதில் சொன்னார். அவருடைய காரணத்தை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. ஆனால் ஏற்பதற்கோ மறுப்பதற்கோ அவர்கள் கையில் ஒரு காரணமாவது இருக்கிறது.

பண்டிகை நாள் விடுதலைகளுக்கும் இது பொருந்த வேண்டும். 2025 வெசாக்கின்போது அநுராதபுரம் சிறைச்சாலையிலிருந்து, ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலிலேயே பெயர் இல்லாத நிதி மோசடிக் கைதி ஒருவர் வெளியே போனது உங்களுக்கு நினைவிருக்கும். சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகமே கைதாகும் அளவுக்கு விடயம் முற்றியது. பெயர்ப் பட்டியலைக் கதவு திறக்குமுன் வெளியிட்டிருந்தால், பட்டியலில் இல்லாத ஒருவர் எப்படி வெளியே நடந்து போவார்?

மூன்றாவது, ஒரு மாதம் பொறுங்கள். பாரதூரமான குற்றங்களுக்குக் கொடுக்கும் மன்னிப்பு வர்த்தமானியில் வந்த நாளிலிருந்து ஒரு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரட்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் கெடுவும் ஒரு மாதம்தான். இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டால், நீதிமன்றம் பார்க்குமுன் ஆள் விமானம் ஏற மாட்டார். சாகக் கிடக்கும் கைதிக்கு விதிவிலக்கு வையுங்கள், வைத்தியசபை சான்றிதழோடு.

ஆலோசனை சொல்லும் சபை எப்படி அமைய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஓய்வுபெற்ற நீதியரசர் ஒருவர், உளவியல் தெரிந்தவர், சிறைச்சாலை நலன்புரி வேலை தெரிந்தவர் இருக்கலாம். அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு நியமிக்கப்பட்டால் போதும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து புதியவர் பதவியேற்கும் வரை மன்னிப்பு வழங்கக் கூடாது என்பதையும் சேருங்கள். தனக்கு, தன் குடும்பத்துக்கு, தன் அமைச்சரவையினருக்கு வழங்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. எல்லாளன் கதையைத் தமிழரும் சிங்களவரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்க்கிறோம். மணியடித்தது கன்றை இழந்த பசு, குற்றவாளி அரசனுடைய சொந்த மகன். மன்னிக்கும் அதிகாரம் முழுக்க அந்த அரசன் கையில்தான் இருந்தது.

எந்த நாட்டிலும் இந்த அதிகாரம் தானாக ஒழுங்குக்கு வரவில்லை. ஆந்திர ஆளுநர் காங்கிரஸ்காரர் ஒருவருக்குக் கொடுத்த தண்டனைக் குறைப்பை 2006 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2002 குஜராத் வன்முறையில் கூட்டு வல்லுறவுக்கும் கொலைகளுக்கும் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை மாநில அரசு முன்கூட்டியே விட்டதை அதே நீதிமன்றம் 2024 ஜனவரி 8 அன்று ரத்துச் செய்தது. கொழும்பில் துமிந்த சில்வா தீர்ப்பு வர ஒன்பது நாள் முன்பு. அங்கும் நீதிமன்றப் படியேறியது பாதிக்கப்பட்ட பெண்தான்.

இனி, எங்கள் பக்கத்தில் இருந்து எனக்கு வரும் கேள்விக்கு வருகிறேன். "அரசியல் கைதிகளுக்கு இருக்கிற ஒரே வழியையும் நீ அடைக்கப் பார்க்கிறாயா?" என்று நண்பர்கள் கோபிக்கிறார்கள். கோபம் நியாயமானது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பொலிஸ் அதிகாரி முன் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தின் கீழ்த் தமிழில் கையெழுத்து இருக்கும் கடதாசிகளை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படித் தண்டனை பெற்றவருக்கு மன்னிப்பு வேண்டும். மனைவியின் செத்தவீட்டுக்குச் சில மணிநேரம் கொண்டுவரப்பட்ட ஆயுள் கைதியோடு அவருடைய சின்ன மகளும் சிறைச்சாலை வாகனத்தில் ஏறிய படத்தைப் பார்த்து அழாதவர் எங்கள் ஊர்களில் இல்லை. சட்டம் தவறிய இடத்தில் கை நீட்டத்தான் இந்த அதிகாரம் இருக்கிறது, அதை ஒழிக்கச் சொல்லி நான் ஒருநாளும் எழுத மாட்டேன்.

ஆனால் இன்றுள்ள முறை எங்கள் கைதிகளுக்கு என்ன செய்தது என்று பாருங்கள். 2021 பொசன் அன்று துமிந்த சில்வாவை விட்ட அதே நாளில் பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகள் 16 பேரையும் விட்டார்கள். பதினாறு வீட்டில் விளக்கேற்றிய அந்த நாளே இன்னொரு வீட்டின் காயத்துக்குத் திரையாகவும் பயன்பட்டது. சந்தோசப்பட்ட தாய்மார் எதற்கும் உடந்தையில்லை, இருந்தும் வாய்திறந்து மகிழ அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. காரணம் எழுதும் முறை இருந்திருந்தால், அந்தப் பதினாறு பேர் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயமான காரணம் எழுத முடியும். மற்றவருக்கு எதை எழுதியிருப்பார்கள்? அளவுகோல் என்று ஒன்று வந்தால் முதலில் பயன்பெறுவது செல்வாக்கு இல்லாதவன்தான். பதினொரு வருடம் மனு எழுதிய அந்த அம்மாவுக்குச் சபை "இல்லை" என்று சொன்னாலும், ஏன் இல்லை என்று தெரியும், அடுத்த மனுவில் எதைச் சேர்ப்பது என்று எனக்கும் தெரியும்.

புதிய அரசியலமைப்பும் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை ஒழிப்பும் உங்கள் வாக்குறுதிகள். முறை மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த உறுப்புரையை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஜனாதிபதியிடமிருந்து எடுத்தால் அது பிரதமரின் மேசைக்கோ அமைச்சரவையின் மேசைக்கோ போகும். மேசை மாறுவதால் காரணம் எழுதப்படப் போவதில்லை. இன்றைய ஜனாதிபதி நல்லவர், அவர் அப்படிச் செய்ய மாட்டார் என்பதும் பதிலாகாது. மூன்றில் இரண்டுக்கு 150 பேர் போதும், ஆளும் தரப்பிடம் மட்டும் 159 ஆசனங்கள் உண்டு. எதிர்க்கட்சியில் இருப்பவர்களே, நாளை நீங்கள் ஆட்சிக்கு வரலாம் என்ற எண்ணத்தில் இந்த அதிகாரத்தைத் திறந்தபடி விட்டுவைக்க ஆசைப்படாதீர்கள். வடக்குக் கிழக்கு உறுப்பினர்களே, இது கைதிகள் விவகாரம் என்று ஒரு மேடையிலும் மிருசுவில் விவகாரம் என்று இன்னொரு மேடையிலும் பேசுவதை விட்டு, இரண்டும் ஒரே உறுப்புரை என்று சபையில் எழுந்து சொல்லுங்கள்.

வரைவு வெளிவரும் நாளில் தமிழ்ப் பிரதியையும் அதே நாளில் வெளியிடுங்கள், சிங்களப் பிரதி வந்து மூன்று கிழமைக்குப் பிறகு அல்ல. 34 ஆம் உறுப்புரையை வரிவரியாக ஒத்துப் பார்த்து எழுதுவேன். இந்த மடலின் சிங்களப் பிரதியும் ஆங்கிலப் பிரதியும் பதிவுத்தபாலில் வருகின்றன. பற்றுச்சீட்டுகளை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
வட மாகாணம்